மூளை மலேரியா: வீக்கத்தைக் குறைக்கும் மருந்து கைகொடுக்காதது ஏன்?

கொல்கத்தா: பறவைகளைத் தாக்கும் மலேரியா கொசுக்கடியால் பரவுவதை 1898-ஆம் ஆண்டு கொல்கத்தாவின் பிரசிடென்சி பொது மருத்துவமனை வளாகத்தில் ரொனால்ட் ராஸ் மெய்ப்பித்தார். இன்று எஸ்எஸ்கேஎம் மருத்துவமனை என அழைக்கப்படும் அவ்விடத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் உள்ளது. நோய் பரவும் வழி தெரிந்து நூறாண்டுகள் கடந்த பின்னரும், மலேரியா மூளையைத் தாக்கும்போது உண்டாகும் வீக்கத்துக்கு எவ்வாறு சிகிச்சை அளிப்பது என்ற கேள்வி நீடித்தது. அதற்கு முக்கியமான விடை ஒன்று, ஹவுரா–மும்பை ரயில் தடத்தில் உள்ள ஒடிசாவின் ரூர்கேலா நகரிலிருந்து கிடைத்தது.

வீக்கம் ஏன் ஆபத்தானது?

ஃபால்சிபாரம் வகை மலேரியா ஒட்டுண்ணி புகுந்த ரத்தச் சிவப்பணுக்கள், மூளையின் நுண்ணிய ரத்த நாளங்களின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. இதனால் ரத்த ஓட்டம் தடைபடுகிறது. நாளங்களிலிருந்து நீர் கசியவும் செய்கிறது. மண்டையோடு விரிந்து கொடுக்காது என்பதால், வீங்கும் மூளை மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத் தண்டை அழுத்தக்கூடும். நோயாளி நினைவிழக்கிறார், வலிப்பு வரலாம். சிகிச்சை இல்லையேல் மூளை மலேரியாவிலிருந்து உயிர் பிழைப்பது மிக அரிது.

ரூர்கேலா ஆய்வு

தலைக்காயம் போன்றவற்றில் மூளை வீக்கத்தைக் குறைக்க மானிட்டால் என்னும் மருந்து நரம்பு வழியே செலுத்தப்படுகிறது. மூளைத் திசுவில் உள்ள நீரை இது ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ளும். மூளை மலேரியாவிலும் இது பயன் தரும் என்ற நம்பிக்கையில் பல மருத்துவமனைகளில் அளிக்கப்பட்டு வந்தது.

இந்த நம்பிக்கையை ரூர்கேலாவின் இஸ்பாத் பொது மருத்துவமனை மருத்துவர்கள் சோதித்தனர். மூளை மலேரியாவால் பாதிக்கப்பட்ட 126 பெரியவர்களுக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டதில், 80 பேருக்கு, அதாவது 63 சதவீதத்தினருக்கு, வீக்கம் காணப்பட்டது. அவர்களில் 61 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். மலேரியாவுக்கான மருந்து இரு பிரிவினருக்கும் தரப்பட்டது. மானிட்டால் ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாகத் தரப்பட்டது.

2011-இல் வெளியான முடிவு எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக இருந்தது. மானிட்டால் பெற்ற 30 பேரில் 9 பேரும், பெறாத 31 பேரில் 4 பேரும் உயிரிழந்தனர். எண்ணிக்கை சிறிது என்பதால் இறப்பில் தெரிந்த இவ்வேறுபாட்டைப் புள்ளியியல்படி உறுதியாகக் கொள்ள இயலாது. ஆனால் நினைவு திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தில் வேறுபாடு தெளிவாக இருந்தது: மானிட்டால் பெறாதவர்களுக்கு இடைநிலை அளவாக 32 மணி நேரம், பெற்றவர்களுக்கு 90 மணி நேரம்.

முன்னரே கிடைத்த பாடம்

இதற்கு முன்னுதாரணம் உண்டு. வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெத்தசோன், தாய்லாந்தில் 100 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. 1982-இல் வெளியான அந்த ஆய்வில், மருந்து பெற்றவர்கள் நினைவின்றிக் கிடந்த காலம் நீண்டது, பக்கவிளைவுகளும் கூடின. மூளை மலேரியாவுக்கு இவ்விரு மருந்துகளையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை.

உயிர் காப்பது எது?

ஒட்டுண்ணியை விரைந்து அழிப்பதே உயிர் காக்கும் என்பது ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. இந்தியா, வங்கதேசம், மியான்மர், இந்தோனேசியா ஆகிய நாடுகளில் கடும் மலேரியா நோயாளிகள் 1,461 பேரிடம் நடந்த ஆய்வு 2005-இல் வெளியானது. குயினைன் பெற்றவர்களில் 22 சதவீதத்தினர் இறந்த நிலையில், ஆர்ட்டிசுனேட் ஊசி பெற்றவர்களில் அது 15 சதவீதமாகக் குறைந்தது.

எனினும் வீக்கத்தைப் புறக்கணிக்க இயலாது. ஆப்பிரிக்க நாடான மலாவியில் மூளை மலேரியாவுடன் அனுமதிக்கப்பட்ட 168 குழந்தைகளின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் முடிவுகள் 2015-இல் வெளியாகின. உயிரிழந்த 25 பேரில் 21 பேருக்கு மூளை கடுமையாக வீங்கியிருந்தது. உயிர் பிழைத்த 143 பேரில் 39 பேருக்கே அந்நிலை இருந்தது. மூச்சு தடைபடும் இக்கட்டான காலத்தைக் கடக்கச் செயற்கை சுவாசம் உதவுமா, செறிவான உப்புக் கரைசல் பலன் தருமா என்ற சோதனைகள் அங்கு தொடங்கப்பட்டன.

மலேரியா உள்ள பகுதியில் வசிப்பவர்களும் அங்கு சென்று திரும்பியவர்களும் காய்ச்சல் கண்டதும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். காய்ச்சலுடன் குழப்பமான பேச்சு, மீளாத மயக்கம், வலிப்பு ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால், ஒரு மணி நேரத் தாமதமும் இன்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.