வலுக்காரணித் திருத்தம்: ஒரு வரலாற்று நோக்கு

வலுக்காரணி பொறியியலாளர்க்கு மட்டும் உரிய விடயமன்று. செலவை யார் சுமப்பது என்னும் வினாவும் அதனுள் அடங்கியுள்ளது. 1888 இல் நிக்கொலா தெஸ்லா காப்புரிமை பெற்ற தூண்டல் மோட்டர் தொழிற்சாலைகளிற் பரவியபோது, மின்னோட்டம் வோல்ற்றளவுக்குப் பின்தங்கியது. வேலை செய்யாத அவ்வோட்டக்கூறையும் கம்பிகள் சுமக்க வேண்டியிருந்தது. மின்வழங்குநர் தாழ்ந்த வலுக்காரணிக்கு மேலதிகக் கட்டணம் விதித்தனர். ஆலைகள் கொள்ளளவிகளைப் பொருத்தி அதனைச் சீர்செய்தன.

1970களின் பின்னர் நிலைமை மாறிற்று. ஆளிமுறை வலுவழங்கி தொலைக்காட்சியிலும் கணினியிலும் இடம்பெற்றது. அதன் சீராக்கியும் கொள்ளளவியும் அலையின் உச்சியில் மாத்திரமே ஓட்டத்தைப் பெற்றன. இங்கு ஓட்டம் பின்தங்கியதிலும் பார்க்க உருக்குலைந்ததே பெரிது. வலுக்காரணி ஏறத்தாழ 0.6 ஆக வீழ்ந்தது. மூன்று அவத்தைகளிலும் எழுந்த மும்மடங்கு மீடிறனுடைய ஓட்டக்கூறுகள் நொதுமற் கம்பியில் ஒன்றுகூடி அதனைச் சூடாக்கின. பழைய மருந்தாகிய கொள்ளளவி இந்நோயைத் தீர்க்கவில்லை.

ஓட்டத்தை வோல்ற்றளவின் வடிவிலேயே பெறும் புதிய மாற்றிச் சுற்று 0.95 இற்கு மேற்பட்ட வலுக்காரணியைத் தந்தது. எனினும் அதன் விலை வாங்குபவரைச் சார்ந்தது. பயனோ பொது வலையமைப்பைச் சார்ந்தது. வீட்டு மின்மானி உருக்குலைவுக்குக் கட்டணம் அறவிடுவதில்லை. ஆகவே விதிகள் தலையிட நேர்ந்தது. 1995 இல் வெளிவந்த சர்வதேச நியமம் 2001 இல் ஐரோப்பிய ஒன்றியத்திற் கட்டாயமாயிற்று. நுட்பம் வழியைக் காட்டும். அவ்வழியில் நடக்கச் செய்வது சமூகத்தின் பொறுப்பு என்பதையே இவ்வரலாறு உணர்த்துகின்றது.