இரண்டாம் முறை தோற்றியவர்கள்

வடமராட்சியிலே, நெல்லியடிச் சந்தையை அடுத்துள்ள பழம்பெரும் ஊர் கரவெட்டி. கல்வியைப் பெருஞ்செல்வமாகப் போற்றிய அவ்வூரில், உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியானதும் பல வீடுகளில் ஒரே வினா எழும். கிடைத்த பீடத்துக்குப் போவதா? அன்றி, விரும்பிய பீடத்தையும் பல்கலைக்கழகத்தையும் நாடி இன்னுமொரு முறை தோற்றுவதா? தந்தை ஒன்று சொல்வார், தாய்மாமன் வேறொன்று சொல்வார். முடிவோ பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளையின் தலையிலே விழும். இவ்வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. அதன் வரலாறு நூற்றாண்டுக்கு மேற்பட்டது.

1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியை நிறுவினர். கணிதம், வானசாஸ்திரம், ஆங்கிலம், தமிழ் ஆகியவற்றை உயர்ந்த நிலையிற் கற்பித்த அக்கழகம் 1855இல் மூடப்பட்டது. இரண்டாண்டுகளின் பின் சென்னைச் சர்வகலாசாலை தோன்றிற்று. அதன் முதற் பி.ஏ. பட்டதாரிகளாகத் தேறிய இருவரும் வட்டுக்கோட்டையிற் கற்ற யாழ்ப்பாணத்தவரே. ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை. மற்றவர் சிறுப்பிட்டியிற் பிறந்து, பிற்காலத்திலே பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துப் புகழ்பெற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை. கற்று முடித்தவர்களென ஊரார் மதித்த அவ்விருவரும் கடல் கடந்து மீண்டும் பரீட்சார்த்திகளாய் அமர்ந்தனர். அதனால் அவர்கள் பெருமை குறையவில்லை; வளர்ந்தது.

அக்காலத்துப் பரீட்சையின் இயல்பை இங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும். சென்னைப் பரீட்சையும், பின்னர் இலங்கையிற் பரவிய லண்டன் மெற்றிக்குலேஷன் பரீட்சையும் தராதரப் பரீட்சைகள். குறித்த தகுதியை எட்டியவர் எவரும் சித்தியெய்துவர். ஒருவர் மீண்டும் தோற்றித் தேறுவதால் இன்னொருவர் இடம் பறிபோவதில்லை. 1921இற் கொழும்பில் தோன்றிய யூனிவேசிற்றிக் கொலிஜும் தானாகப் பட்டம் வழங்கவில்லை. லண்டன் பட்டத்துக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது.

1942இல் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையில் இலங்கைச் சர்வகலாசாலை உருவாயிற்று. அதன்பின் நிலை மாறிற்று. சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சை தகுதியை அளந்ததோடு நில்லாது, அளவுபட்ட இடங்களுக்கு ஆட்களையும் தெரிந்தது. அவ்வாறு பேராதனை புகுந்தவர்களுள் ஒருவர் 1932இற் கரவெட்டியிற் பிறந்த கார்த்திகேசு சிவத்தம்பி. ஊரிலே விக்னேஸ்வராக் கல்லூரியிலும், பின் கொழும்பு சாகிராக் கல்லூரியிலும் பயின்ற அவர், தமிழாய்வுலகிற் பெரும் பேராசிரியராய் விளங்கி 2011இல் மறைந்தார். அவர் கடந்த வாயில் அப்போதே ஒடுங்கியிருந்தது. தாய்மொழிக் கல்வி பரவி, பரீட்சார்த்திகள் பெருகப் பெருக அது மேலும் ஒடுங்கிற்று.

1970களில் அளவுகோலே மாறிற்று. 1970–71 அனுமதியில், பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழி மூலம் தோற்றியவருக்கு 227 புள்ளியும், தமிழ் மொழி மூலம் தோற்றியவருக்கு 250 புள்ளியும் வேண்டியிருந்தன. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்டப் பங்கீடும் வந்தன. பங்கீட்டால் மன்னார், வன்னி போன்ற வசதி குறைந்த பகுதிகளின் பிள்ளைகளுக்கு வாயில் திறந்தது உண்மை. ஆயினும், சென்ற ஆண்டிற் போதுமாயிருந்த புள்ளி இவ்வாண்டிற் போதாதெனக் கண்ட யாழ்ப்பாண மாணவரின் மனத்தில் ஏற்பட்ட புண் ஆழமானது. மீண்டும் தோற்றுவதற்கு அதுகாறும் தன் குறையே காரணமென எண்ணிய மாணவன், இப்போது விதியே காரணமென எண்ணத் தலைப்பட்டான். அவ்வெண்ணம் வகுப்பறையோடு நிற்கவில்லை என்பதை நாட்டின் பின்வரலாறு காட்டும்.

1974 ஒக்டோபரில் திருநெல்வேலியில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. கைலாசபதி அதன் முதல் தலைவரானார். 1983 ஜூலை வன்செயலின் பின், தென்னிலங்கைப் பல்கலைக்கழகங்களிலிருந்து உயிருக்கஞ்சி மீண்ட தமிழ் மாணவர் யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் கோரினர். முன்னெல்லாம் சிறந்த பீடத்தை நாடிப் பல்கலைக்கழகம் மாற விரும்பிய மாணவன், அவ்வேளை உயிர்காக்கும் இடத்தை நாடி மாறவேண்டியவனானான். 1987இல் வடமராட்சி போர்க்களமாயிற்று; நெல்லியடி மத்திய மகா வித்தியாலயக் கட்டடங்களும் அப்போரிற் சிதைந்தன. இத்தகைய காலங்களில் இரண்டாம் முறை தோற்றியவனைச் சோம்பேறி என்று எவர் சொல்லத் துணிவார்?

2001இன் பின் இசற்-புள்ளி முறை நடைமுறைக்கு வந்தது. ஒரு பாடத்தின் சராசரியிலிருந்து மாணவன் எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறான் என்பதை, அப்பாடத்துப் புள்ளிகளின் பரவலோடு ஒப்பிட்டுக் காணும் முறை அது. 2011இற் பாடத்திட்டம் மாறியபோது, பழைய திட்டத்தில் மீண்டும் தோற்றியவரும் புதிய திட்டத்தில் முதன்முறை தோற்றியவரும் ஒரே கணக்கில் அளக்கப்பட்டனர். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2012 ஜூனில் நீதிமன்றம் அப்புள்ளிகளை இரத்துச் செய்து, இரு சாராரையும் வெவ்வேறாகக் கணிக்குமாறு பணித்தது. மீண்டும் தோற்றுபவனுக்கும் நீதியுண்டு என்பதை நாடு அறிந்த நாள் அது.

இன்று பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று முறைக்கு மேல் தோற்ற இயலாது. இடங்கள் சிலவாகவும் நாடுவோர் பலராகவும் இருக்கையில் இவ்வரம்பு நியாயமானதே. ஆயினும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் ஈராண்டு கற்ற மாணவன், அங்கு பெற்ற புள்ளிகளைக் காட்டி வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். நம் நாட்டிலோ அத்தகைய வழி மிக ஒடுங்கியது. ஆகவே, பல்கலைக்கழகத்திற் படிக்கத் தகுதியுள்ள பிள்ளையும் பள்ளிக்கூடப் புத்தகங்களையே திரும்பப் புரட்டுகிறது.

கரவெட்டியில் ஓர் அறையில் இரவு நெடுநேரம் விளக்கெரிந்தால், அங்கு இருப்பவன் தோற்றுப்போனவன் என்று அயலார் எண்ணலாகாது. தோற்றல் என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. தோல்வியடைதல் ஒன்று, முன்வந்து நிற்றல் மற்றொன்று. இரண்டாம் முறை பரீட்சை மண்டபம் புகும் பிள்ளை செய்வது இரண்டாவதே.