எஞ்சின் சத்தமும் ஈயத்தின் கதையும்

பூனாவிலிருந்து பொங்கலுக்குக் காரிலேயே ஊருக்குக் கிளம்பும் நம்மாட்களுக்கு இது உபயோகப்படலாம். பல வருடங்களுக்கு முன் என் பழைய கார்ப்புரேட்டர் காரில் நானும் அப்படித்தான் குடும்பத்தோடு கிளம்பினேன். கம்பட்கி மலைச்சாலையில் ஏறும்போது, கோலிக்குண்டுகளைத் தகர டப்பாவில் குலுக்கியது போல எஞ்சினில் சத்தம். வழியில் ஒரு மெக்கானிக், கெட்டியான ஆயில் ஊற்றினால் அடங்கிவிடும் என்றார். ஊற்றினேன். காசு போனதுதான் மிச்சம் :-)

ஊரில் ஒரு பெரியவர் ஆயிலைத் தொடவே இல்லை. இக்னிஷன் டைமிங்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தார். சத்தம் போயே போச்சு!

இந்த நோயைத் தப்பாகக் கணித்தவர்கள் பெரிய பட்டியல். 1912-இல் காடிலாக் காருக்கு எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் கொடுத்தவர் சார்லஸ் கெட்டரிங். எஞ்சின் தட்டினால் அவருடைய பேட்டரி இக்னிஷன்தான் காரணம் என்று பழி போட்டார்கள். உண்மையான குற்றவாளி பெட்ரோல். தீ வரிசையாகப் பரவி வருவதற்குள், ஓரத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே வெடிப்பதுதான் நாக்கிங்.

மருந்து தேடும் வேலை கெட்டரிங்கின் உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லியிடம் வந்தது. 1921 டிசம்பரில் டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயக் கலவை சிக்கியது. துளியூண்டு போதும், எஞ்சின் கப்சிப். ஆல்கஹாலும் நாக்கிங்கைக் குறைக்கும் என்று அவர்களுக்கு அப்போதே தெரியும். ஆனால் ஈயம்தான் மலிவு, காப்புரிமையும் கையில் இருந்தது. 1923-இல் விற்பனைக்கு வந்தபோது வைத்த பெயர் 'எத்தில்'. ஈயம் என்ற வார்த்தையே அதில் இல்லை.

1924-இல் நியூஜெர்சியில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் 5 பேர் சித்தம் கலங்கிச் செத்தார்கள். மிட்ஜ்லியோ நிருபர்கள் முன்னால் அதில் கை கழுவிக் காட்டினார். முந்தைய வருடம்தான் ஈய விஷத்தால் அவரே ஓய்வெடுக்கப் போயிருந்தார்!

இந்தியா முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றது 2000 பிப்ரவரியில். கடைசியாக 2021-இல் அல்ஜீரியா நிறுத்தியது. அதற்கு முன் நகரங்களில் வளர்ந்த நாமெல்லாம் அந்தப் புகையைக் குடித்தவர்கள்தான். ஈயம் அதிகமாகப் பாதிப்பது குழந்தைகளின் மூளையை. சத்தத்தை அடக்கினார்கள், விலையை நாம் கொடுத்தோம். வேடிக்கை என்னவென்றால், 2025-இல் நம் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அதாவது அன்றைக்கு ஒதுக்கிய அதே ஆல்கஹால்.

ஆகவே மக்களே, ஆயிலை மாற்றுமுன் காதைக் கொடுங்கள். மேட்டில் மட்டும் 'கிளிங் கிளிங்' என்றால் பெட்ரோல், டைமிங், உள்ளே படிந்த கரி ஆகியவற்றைப் பாருங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் 'டிக் டிக்' என்றால் பெரும்பாலும் டேப்பெட். அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கனமாக வந்தால் உடனே எஞ்சினை அணைத்துவிட்டு ஆயில் அளவைப் பாருங்கள், பேரிங் போயிருக்கலாம். கெட்டி ஆயில் அந்தச் சத்தத்தை நாலு நாள் மூடி வைக்கும், பேரிங்கைச் சரிசெய்யாது. கார்க் கையேட்டில் 5W-30 என்று இருந்தால் அதையே ஊற்றுங்கள்.

டிப்ஸ்டிக்கை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பத்திரமாகப் போய்ட்டு வாங்க.