அழிக்கப்பட்ட கட்டைவிரல்

டோரத்தியா லேங் பற்றி லிண்டா கோர்டன் எழுதிய வாழ்க்கை வரலாற்றைத் திறந்தபோது எனக்குத் தெரிந்திருந்தது ஒரே ஒரு படம்தான். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கன்னத்தருகே கையை வைத்து எங்கோ பார்க்கிற ஒரு பெண். இருபுறமும் அவள் தோளில் முகம் புதைத்த இரண்டு பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. 1936, கலிபோர்னியாவின் நிப்போமோ. பட்டாணி விளைச்சல் உறைபனியில் அழிந்து, கூலிகள் வேலையில்லாமல் முடங்கிக் கிடந்த முகாம். 'புலம்பெயர் தாய்' என்ற பெயரில் அந்தப் படம் பெருமந்தக் காலத்து வறுமையின் முகமானது.

லேங்குக்கும் இரண்டு மகன்கள். 1920இல், தன்னைவிட இருபது வயது மூத்த ஓவியர் மேனார்ட் டிக்சனை மணந்தார். பெருமந்தம் வந்து வருமானம் சுருங்கியதும் வீட்டைக் காலி செய்தார்கள். கணவனும் மனைவியும் அவரவர் ஸ்டூடியோவில் தங்க, சிறுவர்கள் இருவரும் காசு வாங்கிக்கொண்டு பிள்ளை பார்க்கும் அந்நியர் வீட்டுக்குப் போனார்கள். 1935இல் விவாகரத்து. அதே ஆண்டு பொருளியல் பேராசிரியர் பால் டெய்லருடன் மறுமணம். மறுபடியும் பயணங்கள், மறுபடியும் பிள்ளைகள் வேறு வீட்டில். மூத்தவன் டேனியல் பதின்ம வயதில் வீட்டோடு ஒட்டாமல் தெருவில் அலைந்தான்.

இதைப் படித்ததும், "பெத்த பிள்ளையை அனுப்பிட்டு ஊரான் பிள்ளையைப் படம் எடுத்தாங்களா?" என்று கேட்கத் தோன்றும். சரி, இந்தக் கேள்வியை டிக்சனிடம் யாராவது கேட்டிருக்கிறார்களா? அவரும் படம் வரைய மாதக்கணக்கில் பாலைவனத்துக்குப் போனவர்தான். அவர் போனால் கலைஞனின் தேடல். லேங் போனால் தாய்மையில் குறை. கணக்கு எப்போதும் ஒரு பக்கம்தான் எழுதப்படுகிறது.

அதற்காக லேங்கை நான் பூசி மெழுகவில்லை. ஏழு வயதில் போலியோ வந்து, வாழ்நாள் முழுக்க ஒரு காலைச் சாய்த்து நடந்தவர். பன்னிரண்டு வயதில் அப்பா குடும்பத்தை விட்டுப் போனார். பிற்பாடு அவரது குடும்பப் பெயரையே உதறிவிட்டு அம்மாவின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார். கைவிடப்படுவது எப்படி வலிக்கும் என்று தெரிந்தவர்தான் பிள்ளைகளை அனுப்பினார். அந்த வலியைப் பற்றிக் கடைசிக் காலத்தில் அவரே பேசியும் இருக்கிறார்.

எனக்கு இன்னும் உறுத்துவது வேறொன்று. படத்திலிருக்கும் பெண்ணின் பெயரை லேங் கேட்கவே இல்லை. 1960இல் அவரே அதை எழுதினார். அவள் பெயர் புளோரன்ஸ் தாம்சன், செரோக்கி பழங்குடி. உலகத்துக்கு இது தெரியவந்தது 1978இல். அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று தாம்சன் வருத்தத்தோடு சொன்னார். படம் பத்திரிகையில் வந்ததும் அரசு அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு உணவு அனுப்பியது. அதற்குள் தாம்சன் குடும்பம் வேலை தேடி அங்கிருந்து கிளம்பிவிட்டது.

படத்தின் வலது கீழ் மூலையில், கூடாரக் கம்பைப் பிடித்தபடி ஒரு கட்டைவிரல் தெரிந்தது. அது அழகைக் கெடுப்பதாக நினைத்த லேங், சில ஆண்டுகள் கழித்து நெகட்டிவில் அதை அழிக்கச் செய்தார். ஆவணத்தில் கைவைக்கலாமா என்று அவருடைய மேலதிகாரி ராய் ஸ்ட்ரைக்கருக்குக் கோபம். ஆனாலும் விரல் முழுசாகப் போகவில்லை. உற்றுப் பார்த்தால் அதன் தடம் தெரியும்.

கலைஞரின் சொந்த வாழ்க்கையை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் இந்த விரலைத்தான் காட்டுவேன். படிப்பதால் படம் சின்னதாகிவிடவில்லை. புனிதமான தாய் என்று நாம் பூசியதுதான் உதிர்கிறது. படத்துக்கு உள்ளே ஒருத்தி, கேமராவுக்குப் பின்னால் ஒருத்தி. இருவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், காசுதான் இல்லை.

1954இல் லேங் அயர்லாந்துக்குப் படமெடுக்கப் போனபோது, எழுத்தாளராக உடன் போனவர் அதே டேனியல். மன்னித்தாரா? நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். கூட வேலை செய்தார், அவ்வளவுதான்.