போர் விமானமும் படச்சுருளும்: சைகோன் முதல் தியன் பியன் பூ வரை

புதுச்சேரிக்காரர்களுக்கு 'சொல்தா' என்றால் யார் என்று விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குபவருக்கு இந்த ஊர் வைத்திருக்கும் பெயர் அது. சிப்பாயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்தான் தமிழ் நாக்கில் புரண்டு அப்படி ஆனது. கடற்கரைச் சாலையில் 1938-இல் திறக்கப்பட்ட போர் நினைவுச் சின்னம் முதல் உலகப் போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக எழுப்பப்பட்டது. ஆனால் புதுச்சேரியின் போர்க்கதை அத்தோடு முடியவில்லை. 1946 முதல் 1954 வரை நடந்த இந்தோசீனப் போரிலும் இந்த ஊர் சொல்தாக்கள் இருந்தார்கள்.

அந்தப் போரின் படச்சுருள்கள் இன்று இணையத்தில் எளிதாகக் காணக் கிடைக்கின்றன. விமானங்கள் வரிசையாகப் பறக்கின்றன, பாராசூட்டுகள் விரிகின்றன, குண்டுகள் வெடிக்கின்றன. கண்ணால் பார்த்த பிறகு சந்தேகம் எதற்கு என்று தோன்றும். ஆனால் இந்தப் படங்களை யார் எடுத்தார்கள், எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேட்கத் தொடங்கினால் கதை வேறு மாதிரி போகிறது.

சைகோனில் புதுச்சேரித் தமிழர்கள்

பிரான்ஸ் வியட்நாமின் தென்பகுதியைப் பிடித்த பிறகு, அங்கே அலுவலகம் நடத்தவும் காவல் காக்கவும் வரி வசூலிக்கவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் சாதி, மத வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்ற புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் பலர் அந்த வேலைகளுக்குக் கப்பல் ஏறினார்கள். வியாபாரிகளும் செட்டியார்களும் சென்றார்கள். சைகோன் நகரின் நடுவே இன்றும் நிற்கும் மாரியம்மன் கோயில் அந்தக் காலத்தின் அடையாளம்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் இந்த இரண்டு ஊர்களும் எதிரெதிர் பக்கம் போய்விட்டன. 1940 செப்டம்பரில் ஆளுநர் லூயி போன்வென் தலைமையில் புதுச்சேரி, தெகோலின் சுதந்திர பிரான்ஸ் பக்கம் சேர்ந்தது. சைகோனோ விஷி அரசின் கீழ் இருந்தது. ஜப்பானியப் படைகளும் அங்கே வந்து அமர்ந்தன. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்பது பல குடும்பங்களுக்கு வெறும் பேச்சல்ல, நிஜம்.

துப்பாக்கியோடு ஓடிய காமிரா

1945 ஜனவரி 12 அன்று அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் சைகோனையும் இந்தோசீனக் கரையையும் தாக்கின. அந்த ஒரே நாளில் 40-க்கும் மேற்பட்ட கப்பல்கள் மூழ்கின. ஜப்பானியக் கப்பல்களோடு 'லமோத் பிக்கே' என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலும் அழிந்தது.

இந்த மாதிரித் தாக்குதல்களின் படங்கள் பெரும்பாலும் 'கன் காமிரா'வில் எடுக்கப்பட்டவை. விமானத்தில் பொருத்திய சிறிய 16 மில்லிமீட்டர் காமிரா அது. விமானி துப்பாக்கி விசையை அழுத்தும்போது காமிராவும் ஓடும். விசையை விட்டால் நின்றுவிடும். அதனால்தான் அந்தக் காட்சிகள் சில நொடிகளே நீடிக்கின்றன. அவற்றை எடுத்தது ஜனங்களுக்குக் காட்ட அல்ல. குண்டு குறியில் பட்டதா, விமானி சொன்ன கணக்கு சரியா என்று அதிகாரிகள் சரிபார்க்க!

காமிரா எதைப் பார்த்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். துப்பாக்கி எங்கே குறி வைத்ததோ அதை மட்டும். ஆறு, கப்பல், கரும்புகை... அவ்வளவுதான். அந்தப் புகைக்கு அடியில் ஒதுங்க இடம் தேடி ஓடியவர்களில் வியட்நாமியரும் இருந்தார்கள், சீனரும் இருந்தார்கள், புதுச்சேரித் தமிழரும் இருந்தார்கள். ஒரு முகம்கூடப் படத்தில் இல்லை. படம் பொய் சொல்லவில்லை. அது பார்க்காததை அதனால் சொல்ல முடியாது, அவ்வளவே.

பள்ளத்தாக்கில் இறங்கிய பாராசூட்டுகள்

பிரெஞ்சு ராணுவத்துக்குப் படம் எடுப்பது புதிதல்ல. 1915-லேயே பாத்தே, கோமோன் போன்ற சினிமா நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு ராணுவத் திரைப்படப் பிரிவைத் தொடங்கியவர்கள் அவர்கள். இந்தோசீனப் போரிலும் ராணுவத்தின் செய்திப் பிரிவு காமிராக்காரர்களைக் களத்துக்கே அனுப்பியது.

1953 நவம்பர் 20 அன்று 60-க்கும் மேற்பட்ட டக்கோட்டா விமானங்கள் ஹனோயிலிருந்து கிளம்பி, வடமேற்கே மலைகளுக்கு நடுவே இருந்த தியன் பியன் பூ பள்ளத்தாக்கில் பாராசூட் வீரர்களை இறக்கின. இந்த இறக்கத்தின் படங்கள்தான் பின்னாளில் வந்த ஆவணப்படங்களில் திரும்பத் திரும்பக் காட்டப்படுபவை. பார்க்க அழகாகவே இருக்கும். பிரான்ஸ் ஜெயித்துக்கொண்டிருக்கிறது என்று அன்றைய பார்வையாளர் நம்புவதற்கு அந்த அழகே போதுமானதாக இருந்தது.

1954 மார்ச் 13 அன்று வியட்மின் பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. சில நாட்களில் ஓடுபாதை பயன்படுத்த முடியாததாகிவிட்டது. மார்ச் கடைசிக்குப் பிறகு ஒரு விமானமும் அங்கிருந்து காயம்பட்டவர்களை ஏற்றிப் பறக்கவில்லை. அரிசி, மருந்து, வெடிபொருள் எல்லாமே பாராசூட்டில்தான் வர வேண்டும். விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்குப் பயந்து விமானங்கள் உயரே பறந்தன. உயரே பறக்கப் பறக்கப் பொதிகள் காற்றில் நகர்ந்து எதிரியின் பக்கம் விழுந்தன. அந்தச் சண்டையில் 60-க்கும் மேற்பட்ட விமானங்களை பிரான்ஸ் இழந்தது.

ஒரு நிமிடச் சுருள்கள்

முற்றுகைக்குள் இருந்த காமிராக்காரர்களில் ஒருவர் பியேர் ஷொந்தோர்ஃபர். முற்றுகை தொடங்கிய பிறகு, மார்ச்சில், பாராசூட்டில் குதித்து உள்ளே போனவர். அவரிடம் இருந்தது சாவி கொடுத்து ஓடவைக்கும் கைக்காமிரா. ஒரு சுருள் ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் ஓடும். ஒலிப்பதிவு கிடையாது.

மே 7 அன்று கோட்டை வீழ்ந்தபோது, எதிரியின் கையில் கிடைக்கக் கூடாது என்று காமிராவை உடைத்து, எடுத்த படத்தையும் அவர் அழித்துவிட்டார். ஒளித்து வைத்துக்கொண்ட சில சுருள்களும் சிறைப்பட்டபோது பறிபோயின. ஆக, வானத்திலிருந்து வந்த விமானங்களைக் குழிக்குள் கிடந்தவன் எப்படிப் பார்த்தான் என்று காட்டியிருக்கக்கூடிய படம் பெரும்பாலும் இல்லாமலே போயிற்று. விடுதலையான பிறகு அவர் சினிமா இயக்குநர் ஆனார். 1967-இல் எடுத்த 'ஆண்டர்சன் பிரிவு' ஆவணப்படத்துக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. 1992-இல் தியன் பியன் பூவைக் கதைப்படமாகவே எடுத்தார். தொலைந்த சுருளை அவர் நினைவிலிருந்து திரும்ப எடுத்தார் எனலாம்.

மறுபடி ஏற்றிய கொடி

தியன் பியன் பூ என்றதும் உலகம் நினைவுகூரும் காட்சி ஒன்று உண்டு. பிரெஞ்சுத் தளபதியின் பதுங்குகுழி மேல் ஒரு வீரன் கொடி அசைப்பது. அது சண்டை நடந்த அன்று எடுத்ததல்ல. சண்டை முடிந்த பிறகு வந்து சேர்ந்த சோவியத் இயக்குநர் ரோமன் கார்மென் அதை மறுபடி நடிக்கச் சொல்லி எடுத்தார். கைதிகள் நீண்ட வரிசையில் நடக்கும் காட்சியும் காமிராவுக்காக ஏற்பாடு செய்யப்பட்டதே. ஆனால் நடந்தவர்கள் நிஜக் கைதிகள். பிடிபட்ட சுமார் 10,000 பேரில் மூன்றில் ஒரு பங்கினர்தான் உயிரோடு திரும்பினார்கள்.

ஒரே காட்சியில் நடிப்பும் நிஜமும் கலந்திருப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். அமெரிக்காவிலும் இதே கதைதான். 1943-இல் வந்த 'டிசம்பர் 7' படத்துக்காக நடித்து எடுத்த பேர்ல் துறைமுகக் காட்சிகள், பிறகு வந்த எத்தனையோ படங்களில் அசல் காட்சிகளாகவே ஒட்டப்பட்டன.

பார்ப்பவர் கவனிக்க வேண்டியவை

பழைய விமானப் படம் ஒன்றைப் பார்க்கும்போது சில கேள்விகளைக் கேட்கலாம்.

முதலில், காமிரா எங்கே இருக்கிறது? கீழே விழும் விமானத்தை, அதைச் சுட்ட பீரங்கிக்குப் பக்கத்திலிருந்தே காட்டினால், எடுத்தவர் எந்தப் பக்கத்து ஆள் என்பது விளங்கும்.

இரண்டாவது, விமானத்தின் வட்டக் குறி. பிரெஞ்சுக் குறியில் நடுவில் நீலம், வெளியே சிவப்பு. பிரிட்டிஷ் குறியில் நேர்மாறு. ஆனால் குறியை மட்டும் நம்பவும் கூடாது. தியன் பியன் பூவுக்குப் பொதி கொண்டுவந்த சி-119 விமானங்கள் அமெரிக்காவினுடையவை, ஓட்டியவர்கள் அமெரிக்கத் தனியார் விமானிகள். பூசியிருந்ததோ பிரெஞ்சுக் குறி! அவர்களில் இருவர் கோட்டை வீழ்வதற்கு முந்தின நாள் சுடப்பட்டு இறந்தார்கள்.

மூன்றாவது, ஒலி. விமான இரைச்சலும் குண்டுச் சத்தமும் காதைப் பிளந்தால், அது அநேகமாகப் பிறகு சேர்த்தது.

அதே 1954

தியன் பியன் பூ மே மாதம் வீழ்ந்தது. ஜூலையில் ஜெனீவா ஒப்பந்தம். அக்டோபர் 18 அன்று புதுச்சேரிக்குப் பக்கத்தில் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஒரே ஆண்டில் பிரான்ஸ் ஆசியாவில் இரண்டு இடங்களிலிருந்து வெளியேறியது, ஒன்றில் ரத்தத்தோடும் ஒன்றில் கையெழுத்தோடும். இரண்டுக்கும் நடுவே நின்றவர்கள் சொல்தாக்கள். ஊர் இந்தியாவுக்குப் போனபோது அவர்களில் பலர் இன்னும் பிரெஞ்சுச் சீருடையில் இருந்தார்கள்.

அந்தக் காலத்துச் சுருள்கள் பாரிஸ் அருகே இவ்ரி கோட்டையில் ராணுவ ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. படம் எடுத்த நாள், இடம், எடுத்தவர் என்று சுருளுக்கு ஒரு குறிப்பும் உண்டு. ஆனால் டக்கோட்டாவின் கதவருகே நிற்பவன் எந்த ஊர்க்காரன் என்பதோ, கீழே புகையில் மறைந்த வீடு யாருடையது என்பதோ குறிப்பில் இருக்காது. அதைச் சொல்லக்கூடியவர்கள் புதுச்சேரி வீடுகளில் இருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். படச்சுருளைக் குளிர்பதன அறையில் வைத்து நூறு ஆண்டு காப்பாற்றலாம். தாத்தாவின் ஞாபகத்தை அப்படி வைக்க முடியாது. இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தால்தான் உண்டு.