பன்னிரண்டு பல் குடும்பம்

மகளுக்கு மேல்வரிசையில் முன்பல்லை அடுத்த பல் முளைக்கவே இல்லை. எக்ஸ்ரேயில் பார்த்தால் ஈறுக்குள்ளும் இல்லை. "மாசமா இருந்தப்ப ஒழுங்கா சாப்பிட்டிருந்தா இப்படி ஆகுமா?" என்று அத்தை என் மனைவியைக் கேட்டுவிட்டார். அவள் அன்று முழுக்கப் பேசவில்லை. எனக்கு அது உறுத்தியது. தேட ஆரம்பித்தேன்.

தேடல் டார்வினிடம் கொண்டுபோய் விட்டது. வளர்ப்பு விலங்குகள், செடிகளின் மாறுபாடு பற்றிய அவரது நூலின் 1875 பதிப்பில் சிந்து பகுதியின் இந்துக் குடும்பம் ஒன்று வருகிறது. தகவல் தந்தவர் டபிள்யூ. வெட்டர்பர்ன். 4 தலைமுறைகளில் 10 ஆண்கள். இரண்டு தாடையும் சேர்த்து சின்ன வெட்டுப்பல் 4, கடைவாய்ப்பல் 8, அவ்வளவுதான். உடம்பில் முடி குறைவு, சீக்கிரமே வழுக்கை, வெயில் காலத்தில் தோல் வறண்டு பெரும் அவதி.

முக்கியமான குறிப்பு அடுத்தது. மகள்களுக்கு இந்தக் குறை வருவதில்லை. ஆனால் மகள் வயிற்றுப் பேரனுக்கு வருகிறது. அப்பாவிடமிருந்து மகனுக்கு ஒருமுறைகூடப் போனதில்லை.

டார்வினுக்குக் குரோமோசோம் கணக்கு தெரியாது. மரபை விளக்க அதே நூலில் அவர் சொன்ன பான்ஜெனிசிஸ் கொள்கை பின்னால் பொய்த்தது. குறிப்பு மட்டும் நின்றது. எங்கள் தொழிலில் சொல்வதுபோல, லாக் சரியாக இருந்தால் பக்கை என்றாவது யாராவது பிடித்துவிடுவார்கள். 1910-ல் மார்கன் பழ ஈக்களை வைத்து, எக்ஸ் குரோமோசோம் வழியாகக் குணங்கள் இறங்குவதைக் காட்டினார். மகனுக்கு அப்பா தருவது ஒய். எக்ஸ் அம்மாவிடமிருந்துதான் வரும். சிந்து குடும்பத்தின் கணக்கு அப்படியே பொருந்துகிறது! 1996-ல் இடிஏ என்ற மரபணுவும் பிடிபட்டது. கருவில் பல், முடி, வியர்வைச் சுரப்பி மூன்றும் உருவாக அது வேண்டும். வியர்க்காததால்தான் வெயிலில் அந்த அவதி.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். இந்தக் குறையைச் சுமக்கும் பெண்களில் பலருக்கும் ஓரிரு பல் குறைந்தோ கூம்பாகவோ இருப்பதுண்டு.

சரி, எங்கள் வீட்டுக் கணக்கு? அம்மாவிடம் கேட்டேன். "உங்க அப்பாவுக்கே அந்தப் பல் கிடையாதேடா!" என்றார். கண்ணாடியில் பார்த்தால், அதே இடத்தில் எனக்கு ஆணி மாதிரி ஒரு குட்டிப் பல். அப்பாவிடமிருந்து நேராக மகனுக்கு வந்திருப்பதால் இது சிந்து குடும்பத்து வழி இல்லை. எம்எஸ்எக்ஸ்1, பேக்ஸ்9 போன்ற மரபணுக்களின் மாற்றங்கள் அப்பா வழியாகவும் வரும், அம்மா வழியாகவும் வரும். எங்களுடையது எந்த மரபணு என்று சோதித்துப் பார்க்கவில்லை. வந்த வழி மட்டும் தெரிகிறது.

ஒரு தாளில் வரைந்தேன்: அப்பா, நான், மகள். மனைவியிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைப் போட்டோ எடுத்து அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவருடைய சொந்த அண்ணன் பல்தானே!