கப்பலை நம்பிய கரை: அகாபுல்கோவின் நானூற்றைம்பது ஆண்டுகள்

மெக்ஸிகோவின் பசிபிக் கரையில் உள்ள அகாபுல்கோ, மலைகள் வளைத்து நிற்கும் ஆழமான விரிகுடா. பெருங்கப்பல்கள் கரைக்கு மிக அருகில் வந்து நங்கூரமிடலாம். இந்த ஒரு வசதிதான் ஊரை உருவாக்கியது. ஊருக்குப் பின்னால் வளமான வயல்கள் இல்லை. தலைநகருக்கு நல்ல பாதையும் நெடுங்காலம் இல்லை. எனவே கப்பல் வந்தால் ஊர் விழித்தது, கப்பல் போனதும் அடங்கியது. கப்பலில் வந்தவர்கள் கரையில் இறங்கி என்ன செய்தார்கள் என்று பார்த்தாலே அகாபுல்கோவின் வரலாற்றில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

தொடக்கம் 1565-ஆம் ஆண்டு அக்டோபர் 8. அன்று ஆந்திரேஸ் தே உர்தானெத்தா என்ற அகஸ்தீனிய துறவி வழிகாட்டிய ஸ்பானியக் கப்பல் பிலிப்பைன்ஸிலிருந்து திரும்பி அகாபுல்கோவை அடைந்தது. மெக்ஸிகோவிலிருந்து மேற்கே ஆசியாவுக்குப் போவது எளிது. வணிகக் காற்றே தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பி வரும் வழிதான் யாருக்கும் பிடிபடாமல் இருந்தது. உர்தானெத்தா வடக்கே ஜப்பானின் அட்சரேகை வரை ஏறி, அங்கே கிழக்கு நோக்கி வீசும் காற்றைப் பிடித்தார். அதன்பின் இருநூற்றைம்பது ஆண்டுகள், 1815 வரை, மணிலாவுக்கும் அகாபுல்கோவுக்கும் இடையே கேலியன் என்னும் பெரும் பாய்க்கப்பல்கள் ஓடின. போக ஏறத்தாழ மூன்று மாதம், திரும்பி வர நான்கு முதல் ஆறு மாதம். மணிலாவில் ஜூன், ஜூலையில் புறப்படும் கப்பல் ஆண்டின் இறுதியிலோ ஜனவரியிலோ அகாபுல்கோவுக்கு வந்து சேரும். வழியில் பசியிலும் ஸ்கர்வி நோயிலும் இறந்தவர்கள் பலர்.

சீனப் பட்டு, பீங்கான், மெழுகு, இலவங்கப்பட்டை ஆகியவை வந்து இறங்கின. விலையாகப் போனது அமெரிக்கச் சுரங்கங்களின் வெள்ளி. இறங்கிய சரக்கில் இந்தியப் பருத்தித் துணியும் உண்டு. சோழமண்டலக் கரையின் துணி சென்னையிலிருந்து மணிலாவுக்குப் போய், அங்கிருந்து அகாபுல்கோவுக்குக் கப்பலேறியது. ஐரோப்பியப் போட்டியாளர்கள் மணிலாவில் நேரடியாக வணிகம் செய்ய ஸ்பெயின் தடை விதித்திருந்ததால், புனித ஜார்ஜ் கோட்டையின் ஆங்கிலேயர்கள் ஆர்மீனிய வணிகர்கள், ஆசிய வணிகர்கள் ஆகியோரின் பெயரில் சரக்கை அனுப்பினார்கள். மணிலா வணிகத்தில் பொருள் ஈட்டி, பின்னர் சென்னையில் குடியேறிய கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனியர்தான் 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைத் தன் செலவில் கட்டினார். பசிபிக்கைக் கடந்த வெள்ளியின் ஒரு துளி அடையாற்றுக் கரைவரை வந்திருக்கிறது.

கப்பல் கண்ணில் பட்டதும் அகாபுல்கோவில் சந்தை கூடும். மெக்ஸிகோ நகர வணிகர்களும் பெருவின் வணிகர்களும் வெள்ளியோடு வந்து சேர்வார்கள். 1803-இல் ஊரைப் பார்த்த ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் ஹம்போல்ட், வழக்கமாக 4,000 பேர் வாழும் ஊரில் கேலியன் வரும் காலத்தில் 9,000 பேர் நிறைவார்கள் என்று எழுதினார். ஆனால் வந்த பயணிகளில் பெரும்பாலோர் அங்கே தங்க விரும்பவில்லை. வெப்பமும் காய்ச்சலும் அவர்களை விரட்டின. நன்றி வழிபாடு, சுங்கச் சோதனை, விற்பனை இவை முடிந்ததும் கோவேறு கழுதைகளில் ஏறி மலைப்பாதையில் தலைநகரை நோக்கிப் போய்விடுவார்கள். 1697 ஜனவரியில் மணிலாவிலிருந்து வந்திறங்கிய இத்தாலியப் பயணி ஜெமெல்லி கரேரிக்கு ஊர் பெரும் ஏமாற்றம்; மரமும் மண்ணும் வைக்கோலுமான வீடுகளைப் பார்த்து, இதை உலக வணிகத் துறை என்பதைவிட மீனவர் குப்பம் என்பதே பொருத்தம் என்றார். சந்தை முடிந்த நாளில் அவர் கண்டதாக எழுதிய காட்சி எந்தக் கணக்குப் புத்தகத்தையும்விட அதிகம் சொல்கிறது. சுமைதூக்கிகள் தங்களில் ஒருவனைப் பாடையில் கிடத்தி, செத்துவிட்டதாகப் பாவித்து ஒப்பாரி வைத்து ஊர்வலம் போனார்கள். அவர்களுடைய ஆண்டு வருமானம் அன்றோடு செத்தது.

கப்பலில் விருப்பமின்றி வந்தவர்களும் உண்டு. ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் எந்த நாட்டவராயினும் அங்கே ‘சீனர்’ என்றே எழுதப்பட்டார்கள். இந்தியாவில் பிறந்து, போர்ச்சுகீசியக் கடற்கொள்ளையரிடம் சிக்கி, கொச்சி வழியாக மணிலாவில் விற்கப்பட்ட கத்தரீனா தே சான் ஹுவான் என்ற பெண், பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த வழியாகவே மெக்ஸிகோவுக்கு வந்தார். 1688-இல் புயெப்லா நகரில் அவர் இறந்தபோது மக்கள் அவரைப் புனிதராகவே போற்றினர். பிலிப்பைன்ஸ் மாலுமிகள் பலர் கப்பலை விட்டு ஓடி இந்தக் கரையில் குடியேறினார்கள். தென்னையின் பாளையைச் சீவிக் கள் இறக்கும் தொழிலை அவர்களே கொண்டுவந்தார்கள். தூபா என்ற பெயரில் அந்தக் கள் மெக்ஸிகோவின் மேற்குக் கரையில் இன்றும் விற்கிறது. மணிலா என்றே பெயர் பெற்ற மாம்பழமும் அப்படி வந்ததுதான்.

செல்வம் வந்த இடத்துக்குக் கொள்ளையரும் வந்தனர். 1615-இல் டச்சுத் தளபதி ஸ்பில்பெர்கென் தன் கப்பல்களோடு விரிகுடாவுக்குள் நுழைந்தபின் சான் தியேகோ கோட்டை எழுந்தது. 1776-ஆம் ஆண்டு நிலநடுக்கம் அதைச் சிதைத்தது. இன்று நிற்கும் ஐந்துமுனைக் கோட்டை 1783-இல் கட்டி முடிக்கப்பட்டது. மெக்ஸிகோவின் விடுதலைப் போரில் கிளர்ச்சித் தலைவர் மொரேலோஸ் 1813-இல் அதைக் கைப்பற்றினார். இரண்டு ஆண்டுகளில் கேலியனும் நின்றது. ஊர் தூங்கிவிட்டது.

கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்ததும் 1849 முதல் பனாமாவுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல்கள் நிலக்கரிக்காக அகாபுல்கோவில் நின்றன. பயணிகளுக்குக் கிடைத்தது சில மணி நேரம். பழம் வாங்கினார்கள், சிப்பி வாங்கினார்கள், கப்பலைச் சுற்றி நீந்திய உள்ளூர்ச் சிறுவர்கள் மூழ்கி எடுப்பதற்காகக் காசை வீசினார்கள். கப்பல் நிற்கும் நேரத்துக்குள் முடித்துவிடும் இன்றைய கரைச்சுற்றுலாவின் வடிவம் இங்கேயே தெரிகிறது.

பெரிய மாற்றம் கடல்வழி வரவில்லை. 1927 நவம்பரில் மெக்ஸிகோ நகரிலிருந்து மோட்டார் சாலை திறக்கப்பட்டது. 1930-களில் லா கெப்ராதா என்ற பாறைப் பிளவின் மேல் எல் மிராதோர் விடுதி எழுந்தது. மீனவ இளைஞர்கள் போட்டி போட்டுக் குதித்துப் பழகிய அந்தப் பாறையில் 1934 முதல் பார்வையாளர் முன்னிலையில் பாய்ச்சல் நடக்கிறது. பாறை மிக உயரமானது. கீழே பிளவு ஒடுக்கமானது, நீரும் ஆழமில்லாதது. அலை உள்ளே புகுந்து நீர்மட்டம் உயரும் நொடியைக் கணித்துக் குதிக்க வேண்டும். தப்பினால் பாறை. குதிப்பதற்கு முன் உச்சியில் உள்ள குவாதலூப்பே மாதாவின் சிறு கோயிலில் வணங்குகிறார்கள். தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த இந்தக் கலையை வெறும் வேடிக்கை என்று ஒதுக்குவது தவறு. கடலைப் படித்துத் தெரிந்துகொண்டவர்களின் அறிவு அது.

1946 முதல் 1952 வரை குடியரசுத் தலைவராக இருந்த மிகேல் அலெமான் காலத்தில் விரிகுடாவை ஒட்டி அகலமான கடற்கரைச் சாலை உருவானது. அது இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. விடுதிகளுக்காக உழவர்களின் கூட்டுடைமை நிலங்கள் கையகப்படுத்தப்பட்டன. ஹாலிவுட் நடிகர்கள் வந்தார்கள். டார்சானாக நடித்த ஜானி வைஸ்முல்லர் இந்த ஊரிலேயே 1984-இல் இறந்தார். எல்விஸ் பிரெஸ்லியின் 1963-ஆம் ஆண்டுப் படம் ஒன்று ஊரின் பெயரையே தலைப்பில் கொண்டது. எல்விஸ் அங்கே கால்வைக்கவே இல்லை. விடுதி கட்டவும் அங்கே வேலை செய்யவும் வந்த ஏழைகள் மலைச்சரிவுகளில் குடிசை போட்டார்கள். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்களில் பல்லாயிரம் பேர் விரிகுடாவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத மலைக்கு அப்பால் அப்புறப்படுத்தப்பட்டனர்.

உல்லாசக் கப்பல்களின் காலம் 1965-இல் தொடங்கியது. அந்த ஆண்டு பிரின்சஸ் கப்பல் நிறுவனம் வாடகைக்கு எடுத்த ஒரு கப்பலை லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து மெக்ஸிகோவின் பசிபிக் துறைகளுக்கு ஓட்டியது. 1977-இல் தொடங்கிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று இந்தப் பயணத்தை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. கரைச்சுற்றுலாவுக்குக் கப்பலிலேயே சீட்டு விற்கும் முறையும் பரவியது. கட்டணத்தில் ஒரு பங்கு கப்பல் நிறுவனத்துக்கே போகும். பாய்ச்சலைப் பார்ப்பது, கண்ணாடி அடித்தளப் படகில் ரொகேத்தா தீவருகே கடலடியில் உள்ள மாதா சிலையைக் காண்பது, கடைத்தெரு, மது அருந்தகம் என்று பட்டியல் அமைந்தது. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஒரு வாரத்தில் போய்வர அகாபுல்கோ தொலைவு; ஆகவே காலப்போக்கில் மாசத்லான், புவெர்ட்டோ வயார்த்தா, காபோ சான் லூகாஸ் ஆகிய அருகிலுள்ள துறைகள் முந்திக்கொண்டன. 2006-க்குப் பின் போதைக் கும்பல்களின் வன்முறை பெருகியதும் பல நிறுவனங்கள் அகாபுல்கோவைத் தவிர்த்தன. 2023 அக்டோபர் 25 அன்று ஓட்டிஸ் புயல் ஒரே நாளில் வலுப்பெற்று ஐந்தாம் வகைப் புயலாகக் கரையேறி, ஊரின் விடுதிகளையும் வீடுகளையும் படகுகளையும் நாசமாக்கியது. மெக்ஸிகோவின் பசிபிக் கரையைத் தாக்கியதாகப் பதிவான புயல்களில் அதுவே வலியது.

அகாபுல்கோவில் அரை நாள் இறங்கும் பயணிக்குப் பழைய நகரத்தில் மூன்று இடங்கள் கிடைக்கின்றன. கப்பல் துறைக்கு நேர் எதிரே சான் தியேகோ கோட்டை. 1986 முதல் அது அருங்காட்சியகம், மணிலா வணிகத்தின் கதை அங்கேதான் இருக்கிறது. நகரச் சதுக்கத்தைத் தாண்டி மேடேறினால் லா கெப்ராதா. மாலைப் பாய்ச்சல்களுக்குள் பெரும்பாலான கப்பல்கள் கிளம்பிவிடும் என்பதால் நண்பகல் பாய்ச்சலே கைக்கு எட்டும். அதன் அருகில், ஓவியர் தியேகோ ரிவேரா 1957-இல் இறப்பதற்குச் சற்று முன் சிப்பியும் ஓடும் வண்ணக்கல்லும் பதித்துப் பழந்தெய்வங்களை உருவாக்கிய மதில் தெருவிலிருந்தே தெரியும். இந்த மூன்றில் எதற்கும் கப்பலில் விற்கும் சீட்டு தேவையில்லை. கடைத்தெருவை விட்டுவிட்டு இவற்றைத் தேர்ந்துகொள்வதே நல்லது.